இணைப்பு இல்லாத மனு

முதலாவதாக, டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டியோடு இலவசமாக வந்துகொண்டிருந்த ஒரு விளையாட்டைக் கம்பெனிக்காரர்கள் நிறுத்தினார்கள். பொறுத்துக்கொண்டோம்.

இரண்டாவதாக, பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் வைத்தார்கள். இருவர் ஆடும் ஆட்டத்தை ஒருவர் ஆடலாம், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பாராட்டலாம் என்பது ஏற்பாடு. பொறுத்துக்கொண்டோம்.

மூன்றாவதாக, விளக்கப் புத்தகத்தை எடுத்துவிட்டு, விளக்கத்தை இணையத்தில் பார்க்கவும் என்று ஒரு வரி அச்சிட்டார்கள். அந்த ஒரு வரியைப் பத்தொன்பது மொழிகளில் அச்சிட்டதால், அது பழைய புத்தகத்தைவிடக் கனமாக இருந்தது.

நான்காவதாக, விளையாட்டைப் பதிந்த சிடித் தட்டை எடுத்துவிட்டு அதன் உறையை மட்டும் விற்றார்கள். திறந்தால் உள்ளே ஒரு துண்டுத் தாள், அதில் ஒரு எண். சாப்பாட்டுக் கடையில் காலி இலையைப் போட்டு, சமையல்காரரின் வீட்டு முகவரியைக் கொடுப்பது போல.

ஐந்தாவதாக, இன்னொருவரோடு சேர்ந்து விளையாட மாதக் கட்டணம் விதித்தார்கள். இணையத்துக்கு இணையக் கம்பெனியிடம் ஏற்கெனவே கட்டுகிறோம். அது ரோடு போட்டவனுக்கு. இது, அந்த ரோட்டில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்ல.

ஆறாவதாகத்தான் புதிய பெட்டி வந்தது. தனியாக விளையாடினாலும் இந்தப் பெட்டி நாளுக்கு ஒருமுறை இணையத்தில் தலையைக் காட்டி, ‘நான் இருக்கிறேன்’ என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். பென்ஷன் வாங்குகிறவர்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் உயிரோடிருப்பதாக எழுதிக் கொடுக்கிறார். பெட்டி தினமும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காத அன்று அது பெட்டி மட்டும்தான்.

இந்த வரிசை முக்கியம். இப்போது எழுத வருகிறவர்கள் ஐந்தாவதை முதலில் எழுதிவிட்டு ஆறாவதை மறந்துவிடுகிறார்கள். நான் முப்பத்தோரு வருடமாகத் துண்டறிக்கை எழுதுகிறவன். நான் படித்ததே துண்டறிக்கைகளில்தான். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. குழாய்த் தண்ணீருக்காக எழுதினேன், பஸ் நிறுத்தத்துக்காக எழுதினேன், பூட்டியே கிடந்த பொதுக் கழிப்பறைக்காக எழுதினேன். கழிப்பறை திறந்தது. திறந்துவைத்தவர்களின் பெயர்கள் வாசலில் கல்லில் இருக்கின்றன. என் பெயர் இல்லை. அதைப் பற்றி நான் எங்கும் பேசுவதில்லை.

எனக்கு விளையாடத் தெரியாது. போராடத் தெரியும். ஆகவே விளையாட்டுப் பெட்டிப் பிரச்சினை என்னிடம் வந்தது. வந்தது என் சம்பந்தி மூலமாக.

என் மகளைக் கொடுத்திருக்கும் வீட்டின் பெரியவர். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்று, ஐந்தாம் மாதம் சொந்தக் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆறு மாதம் படுக்கை என்றார் டாக்டர். மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மகன் பார்த்தான், கடன் சொல்லாமல் ஒரு புதிய பெட்டி வாங்கி வந்து கட்டிலின் எதிரே வைத்தான். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு இருந்தது. சரக்கு ஏற்றி, ஊர் விட்டு ஊர் போய், குறித்த இடத்தில் இறக்க வேண்டும்.

மற்றவர்கள் அந்த விளையாட்டில் மரத்தில் மோதுவார்கள், பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பார்கள். சம்பந்தி சிக்னலில் நிற்பார். ஒரு ஈ காக்கை இல்லாத சிக்னலிலும் நிற்பார். வளைவில் ஹாரன் அடிப்பார். முதல் நாள் அப்படி ஒன்பது மணி நேரம் ஓட்டினார். புதிய பெட்டிக்கு முதல் நாள் மட்டும் சலுகை உண்டு, தலைகாட்டாமலே ஓடும். இரண்டாம் நாள் காலையில் திரையில் இரண்டு சொல் வந்தது: ‘இணைப்பு இல்லை.’

நான் போனபோது சம்பந்தியம்மாள்தான் கதவைத் திறந்தார்கள்.

“வாங்க சம்பந்தி. நீங்களாவது சொல்லுங்க. சாப்பாட்டுத் தட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஸ்டியரிங் ஓட்டுறாரு. வாயால கியர் மாத்துறாரு. குழம்பு என் மேல ஊத்துது.”

உள்ளே சம்பந்தி என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

“முட்டை சம்பந்தி,” என்றார்.

“சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்களா?”

“லாரில. பன்னிரண்டாயிரம் முட்டை. நடு ரோட்டுல நிக்குது. நேத்து ஓரமா ஒதுக்கி நிறுத்திட்டுத் தூங்கினேன், சட்டப்படி. காலையில எழுந்து பாத்தா இணைப்பு இல்லைங்கறான். முப்பத்தஞ்சு வருஷத்துல நான் சரக்கை வழியில விட்டதே இல்ல.”

“அது விளையாட்டுதானே சம்பந்தி?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், சம்பந்தம் பேசிய அன்றைக்குக்கூட நான் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

வீட்டுக்கு இணையம் வாங்கினால் முடிந்தது என்று நினைப்பீர்கள். இணையக் கம்பெனியின் கம்பம் சந்தின் வாயில் நிற்கிறது. இந்த வீடு சந்தின் கோடியில். நடுவே ஒரு கம்பம் நட வேண்டும். கம்பம் நட ஐந்து வீடு விண்ணப்பிக்க வேண்டும். சந்தில் இருப்பது நாலு வீடு. ஐந்தாவது வீடு கட்டினால் நடலாம். ஆனால் கம்பம் நடக் குறித்திருக்கும் இடத்தைத் தவிர அங்கே வீடு கட்ட இடமில்லை.

கைபேசி சிக்னல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். மகன் பெட்டியையும் டிவியையும் மாடிக்குத் தூக்கிப் போனான். பெட்டி தொட்டி அருகே இணையத்தைப் பார்த்தது, மகிழ்ந்தது, லாரி கண்ணில் பட்டது. அணைத்துக் கீழே கொண்டு வந்து போட்டான். நாளுக்கு ஒருமுறை போக, அணைத்துப் போட்டாலும் பெட்டி மறுபடியும் தலைகாட்ட வேண்டும். அணைக்காமல் கீழே கொண்டுவர அவ்வளவு நீள வயர் இல்லை. சம்பந்தியை மேலே தூக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. டாக்டரிடம் கேட்டார்கள். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

“நீங்க எவ்வளவோ பேரைக் கேள்வி கேட்டவர்,” என்றார் சம்பந்தி. “இவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். முட்டையை இறக்கிடணும்.”

மகளைக் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டால் மறுக்க முடியுமா? நான்கே நாளில் விளையாட்டுப் பெட்டி நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புப் பேரியக்கம் பிறந்தது. எனக்குத் துண்டறிக்கை அடிக்கும் அச்சகத்தின் மாடி அறை தலைமையகம். மொத்தம் பதினோரு உறுப்பினர். சம்பந்தி முதலாம் எண் உறுப்பினர். பதிவேட்டை அவர் கட்டிலுக்கே கொண்டு போய் எழுதி வாங்கினேன். நான் செயலாளர்.

கம்பெனி நம்மைத் தேடிப் பழிவாங்கிவிடக் கூடாது என்று முதல் கூட்டத்தில் ஒரு நர்ஸ் யோசனை சொன்னார். பதிவேட்டில் யாரும் சொந்தப் பெயர் எழுத வேண்டாம், விளையாட்டில் வைத்திருக்கும் பெயரை எழுதலாம் என்றார். கம்பெனிக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான் என்பது யாருக்கும் அப்போது தோன்றவில்லை. ஆகவே நடவடிக்கைக் குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘திருமதி மரண அடி அவர்கள் முன்மொழிய, திரு இருட்டுப்புலி அவர்கள் வழிமொழிய, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.’ மரண அடி என்பது நர்ஸ். குழந்தைகள் வார்டில் வேலை. இருட்டுப்புலி, சலூன் வைத்திருப்பவர். இருவரும் அமைதியான மனிதர்கள்.

ஒருமனதாக நிறைவேறிய கடைசித் தீர்மானமும் அதுதான். இரண்டாம் கூட்டத்திலேயே பேரியக்கம் இரண்டாகப் பிளந்தது. இணையக் கட்டாயம் கூடாது என்றது ஒரு அணி. மாதக் கட்டணம் கூடாது என்றது மற்றொரு அணி.

“நாளுக்கு ஒரு தடவை நெட்டைத் தொட்டா என்ன தேய்ஞ்சிடும்?” என்றார் சலூன்காரர். “என் கடையில நெட் எப்பவும் ஓடுது. முடி வெட்ட வர்றவன் அதுக்காகத்தான் வர்றான். கட்டணம்தான் அநியாயம்.”

“கட்டணம்ங்கறது நெட் இருக்கறவனுக்கு வர்ற வியாதி,” என்றார் லேத் பட்டறைக்காரர். இவர் வீட்டுப் பக்கமும் இணையம் கிடையாது. “எனக்கு அது வராது. நான் ஏன் அதுக்கு மருந்து கேக்கணும்?”

“நெட் வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம்.”

“அப்ப வரணும்னு ஆசை இருக்கு.”

“ஆசை இருக்கு. கட்டாயப்படுத்தக் கூடாது. கல்யாணம் பண்ணிக்கறவன்கூட மனசாரப் பண்ணிக்கணும்ல.”

“ஒத்தையா உக்காந்து விளையாடறதெல்லாம் ஒரு விளையாட்டாய்யா?” என்றார் சலூன்காரர். “அதுக்குப் பேசாம கண்ணாடி முன்னாடி நின்னு சண்டை போடலாம்.”

“முகம் தெரியாத ஆள்கிட்ட மாசா மாசம் பணம் கட்டித் திட்டு வாங்கறது மட்டும் ஒசத்தியா? எனக்கு வீட்டுல இலவசமாக் கிடைக்குது.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் குரலைக் குறைங்க,” என்றார் நர்ஸ், வார்டில் சொல்வது போல. “மனுவுல எதை முதல்ல எழுதறதுன்னு மட்டும் முடிவு பண்ணுங்க.”

மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில், மனுவின் இடது பாதியில் இணையக் கட்டாயமும் வலது பாதியில் கட்டணமும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டன, எதுவும் முதலாவது ஆகாதபடி. படிக்கிறவர் இடமிருந்து வலமாகப் படிப்பார் என்று கட்டண அணி மறுப்புத் தெரிவித்தது. மறுப்பு பதிவு செய்யப்பட்டது.

மனுவை எடுத்துக்கொண்டு கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். குறைதீர்ப்புப் பிரிவு என்று பெயர் வைத்தால் குறை இருப்பதாக ஆகிவிடும் என்பதால் அதற்கு ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்’ என்று பெயர். அங்கே இருப்பவர் குமாஸ்தா இல்லை, மகிழ்ச்சி அலுவலர். இரண்டாம் நிலை மகிழ்ச்சி அலுவலர் என்று அவர் மேசையில் பலகை இருந்தது. இளம் பெண். மனுவை வாங்கி, அதன் எடையைக் கையால் பார்த்து, ஒரு தட்டில் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து மனு தபாலில் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு முத்திரை: ‘இணைப்பு இல்லை. திருப்பப்படுகிறது.’

தலைமையகத்தில் அதைப் பத்துப் பேரும் கைமாற்றிப் படித்தார்கள்.

“இது திமிர்,” என்றார் லேத்காரர். “இணைப்பு இல்லாதவன் மனுவே கொடுக்கக் கூடாதுங்கறான்.”

“இணைப்பு இல்லைன்னுதானே மனு?” என்றார் நர்ஸ். “அதையே காரணம் காட்டித் திருப்பியிருக்காங்க.”

சலூன்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஆபீஸ் பாஷையில இந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்குமோ?”

நான் அந்தச் சந்தேகத்தை நீக்கி வைத்தேன். ஒரு மாதமாக அந்தச் சொல்லை நான் நாற்பது முறையாவது எழுதியிருக்கிறேன், எழுதிய ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. மேலும், முப்பத்தோரு வருட அனுபவத்தில் அதிகார வர்க்கத்தின் ஆணவத்தை எனக்கு முத்திரையின் சாய்வை வைத்தே சொல்லத் தெரியும்.

தீர்மானம் நிறைவேறியது. எதிரி கேட்கும் இணைப்பைப் பெற்று, அதையே எதிரியின் முகத்துக்கு நேரே நீட்டுவது. அச்சகத்தின் வாசலிலேயே கம்பம் இருந்தது. மூன்றாம் நாள் தலைமையகத்தின் சுவரில் ஒரு வெள்ளை மோடம் ஏறி, பச்சை விளக்கைக் கண்சிமிட்டியது. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். இணையக் கட்டாயத்தை எதிர்க்கும் அணிதான் அதிகம் தட்டியது.

மறுநாள் நானும் லேத்காரரும் மகிழ்ச்சி மையத்தில் மனுவை மறுபடியும் மேசை மேல் வைத்தோம்.

“இணைப்பு இல்லைன்னு திருப்பியிருந்தீங்க,” என்றேன்.

“ஆமாம் சார்.”

“இப்ப இருக்கு.”

“கொடுங்க.”

“எதை?”

“இணைப்பைத்தான்.”

“ரூம்ல இருக்கும்மா.”

“ரூம்ல விட்டுட்டு வந்தா எப்படி சார்? கொண்டு வந்திருக்கணும்ல.”

லேத்காரர் என்னைப் பார்த்தார். “அதைச் சுவத்துல அடிச்சிருக்காங்களே,” என்றார்.

“சுவத்துலயா?” மகிழ்ச்சி அலுவலர் கொஞ்சம் யோசித்தார். “சரி, பரவாயில்ல. கழட்டி ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க.”

“ஜெராக்ஸ்ல பச்சை விளக்கு தெரியாதும்மா.”

“கலர்ல வேணாம் சார், கறுப்பு வெள்ளை போதும். எத்தனை பக்கம்?”

“பக்கமா? பக்கம்னா முன் பக்கம், பின் பக்கம்.”

“ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க. சுய சான்றொப்பம் போட்டுடுங்க.”

லேத்காரர் மோடத்தின் முதுகில் எந்த இடத்தில் கையெழுத்துப் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு ஏதோ பிசகுவது போலத் தெரிந்தது. கேட்டேன். இணைப்பு என்றால் மனுவோடு பின் குத்தி வைக்கும் தாள். இந்த விஷயத்தில், பெட்டி வாங்கிய ரசீதின் நகல்.

“பெட்டி இருக்கறவங்கதானே பெட்டியைப் பத்திப் புகார் கொடுக்கணும்,” என்றார் அலுவலர். “ரசீது யார் பேர்ல சார்?”

“எங்க சம்பந்தி பேர்ல.”

“அவரே நேர்ல வரணும்.”

“இடுப்பு ஒடிஞ்சு கிடக்கார்மா. எழுந்திரிக்க முடியாது.”

“அடடா.” உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்ப அவர் சிரமப்படவே வேணாம் சார். முடியாதவங்களுக்குன்னே தனி வசதி இருக்கு. வீட்டுல இருந்தே ஆன்லைன்ல போட்டுடலாம்.”

“அவர்கிட்ட இணைப்பு இல்லம்மா.”

“அதான் சார் சொல்றேன். ரசீதை ஸ்கேன் பண்ணி இணைச்சுட்டா போச்சு.”

நான் மனுவை எடுத்துக்கொண்டேன். வெளியே போகும் கதவு தானாகத் திறக்காது. பக்கத்தில் இருக்கும் திரையில், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஒன்றைத் தொட்டால்தான் திறக்கும். மூன்று தேர்வு இருந்தன: மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, சொல்ல முடியாத மகிழ்ச்சி. லேத்காரர் மூன்றாவதைத் தொட்டார். அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

நாங்கள் தலைமையகத்துக்குத் திரும்பியபோது அறையில் ஆறு பெட்டிகள் இருந்தன. இணைப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக உறுப்பினர்கள் அவரவர் பெட்டியை எடுத்து வந்திருந்தார்கள். சோதனை மும்முரமாக நடந்தது. நர்ஸ் ஒரு கண்டத்தின் மறுகோடியில் இருந்த ஐந்து பேரைச் சுட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை நான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் கடுமையாகக் கண்டித்தார்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் லேத்காரரும் தன் பெட்டியைத் தூக்கி வந்தார். ஒரு வாரத்தில், முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து விளையாடும் மாதக் கட்டணத்தையும் கட்டிவிட்டார்.

“என்னங்க இது?” என்று கேட்டேன்.

“வெளியில நின்னு எதிர்த்தா அவனுக்கு வலிக்காது செயலாளரே. உள்ள போய் எதிர்க்கணும். அவனோட எல்லா வசதியையும் ஒண்ணு விடாம அனுபவிச்சுப் பாத்தாதான் எதுல அநியாயம்னு ஆதாரத்தோட சொல்ல முடியும்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“வருஷக் கட்டணமாக் கட்டிட்டேன். சலுகை கொடுத்தான்.”

இவ்வளவு பேர் ஒரே இணைப்பில் எதிர்த்ததால் இணைப்பு திணறியது. வேகமானதாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக உறுப்பினர்களிடம் மாதந்தோறும் ஒரு தொகை வாங்குவதென்று முடிவானது. கட்டணம் என்ற சொல்லை நான் அனுமதிக்கவில்லை. கட்டணத்தை எதிர்க்கும் இயக்கம் கட்டணம் வாங்கக் கூடாது. ‘போராட்டப் பங்களிப்பு’ என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்காகவே சிலர் மனமுவந்து கொடுத்தார்கள்.

பிறகு ஒரு ஒழுக்கக்கேடு தலைகாட்டியது. சலூன்காரரின் கடைப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர், உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போனார்கள். போராட்டத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் போய்விட்டது. முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ இயக்கங்கள் இப்படிக் கரைந்து போனதைப் பார்த்தவன் நான். அன்று மாலையே உட்கார்ந்து விதியை எழுதினேன். இன்றுவரை நான் எழுதியவற்றில் அதுதான் தெளிவானது என்பேன்:

‘ஒவ்வொரு உறுப்பினரும் நாளுக்கு ஒருமுறை தலைமையகத்துக்கு நேரில் வந்து, தாம் இயக்கத்தில் இருப்பதைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும். தொடர்ந்து ஏழு நாள் உறுதிசெய்யாதவர் இயக்கத்தில் இல்லை என்று கருதப்பட்டு நீக்கப்படுவார். இயக்கம் ஒருவரையும் முதுகுக்குப் பின்னால் நீக்காது. நீக்கும் அறிவிப்பு, அவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கேட்க, பெயர் சொல்லிப் படிக்கப்படும்.’

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனிக்க வேண்டும். எந்தக் கம்பெனி இந்த மரியாதையைச் செய்யும்?

விதி நிறைவேறியது. நர்ஸ் மட்டும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“உங்க சம்பந்தி எப்படி வருவாரு?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அவருக்காகத்தானே ஆரம்பிச்சோம்?”

“அதனாலதான். ஆரம்பிச்சவருக்கே தளர்த்தினா நாளைக்கு யார் மதிப்பாங்க? சொந்தக்காரர்னு நான் சலுகை காட்டினேன்னு வரலாறு பேசக் கூடாது.”

“ஒரு கையெழுத்துதானே. நான் பதிவேட்டை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வர்றேன். போற வழிதான்.”

“பதிவேடு தலைமையகத்தை விட்டு வெளியே போகக் கூடாது,” என்றார் லேத்காரர். “போச்சுன்னா அந்த நேரத்துல வர்றவங்க எதுல போடுவாங்க?”

அது நியாயமாகவே இருந்தது. நர்ஸ் கன்ட்ரோலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுகோடியிலிருந்த ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

நான்காம் நாள் சம்பந்தியம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று பேசுவதாகச் சொன்னார்கள். காற்று இரைந்தது.

“சம்பந்தி, மனு என்ன ஆச்சுன்னு அவர் கேக்கச் சொன்னாரு.”

“நடவடிக்கையில இருக்குங்க.”

“உங்க ரூமுக்கு இணைப்பு வந்துடுச்சாமே. நல்ல சேதின்னாரு. அங்க வந்தவன் இங்கயும் வருவான்னு நம்பிக்கிட்டு இருக்காரு. பெட்டியைத் தினமும் போட்டுப் போட்டுப் பாக்குறாரு. அதே ரெண்டு வார்த்தைதான் வருது. முட்டை கெட்டுப் போயிருக்குமான்னு என்னைக் கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“பொறுமையா இருக்கச் சொல்லுங்க.”

“பொறுமைக்கு என்ன குறைச்சல் சம்பந்தி. அவரால அசையத்தான் முடியல.”

ஏழு நாள் முடிந்தது. எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு நான் அறிவிப்பை நகல் எடுத்துக்கொண்டு, சாட்சிகளாக சலூன்காரரையும் லேத்காரரையும் அழைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். வருத்தமாக இருந்தது என்று எழுதலாம். எழுத மாட்டேன். சம்பந்தத்தைவிட இயக்கம் பெரிது என்று எடுத்துக்காட்டக் கிடைத்த சந்தர்ப்பம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நாங்கள் வருவதாக மகன் சொல்லியிருப்பான் போல. சம்பந்தி தலையணைகளை அண்டைகொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை போட்டிருந்தார். கன்ட்ரோலர் மடியில் தயாராக இருந்தது. திரையில் அந்த இரண்டு சொல்.

“வாங்க, வாங்க,” என்றார். “மூணு பேரா வந்திருக்கீங்க. அதுவும் சரிதான், கம்பி இழுக்க ஆள் வேணும்ல. காப்பி போடும்மா இவங்களுக்கு.”

சலூன்காரர் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “யார் ஷேவ் பண்ணினது? காதோரம் கொஞ்சம் விட்டுட்டாங்க,” என்றார்.

“நானேதான். கண்ணாடி எட்டல.”

லேத்காரர் பெட்டியின் பின்புறம் குனிந்து பார்த்தார். “புது மாடல். நல்ல பெட்டி,” என்றார்.

“நல்ல பெட்டிதாங்க,” என்றார் சம்பந்தி. “ஒரு நாள் ஓடினதுல சொல்றேன். பிரேக் அப்படிப் பிடிக்குது.”

நான் தாளை விரித்தேன்.

“எழுதியே கொண்டு வந்துட்டீங்களா?” என்றார். “படிங்க சம்பந்தி, படிங்க. சாட்சி வச்சுப் படிக்கறீங்கன்னா பெரிய இடத்து உத்தரவாத்தான் இருக்கும்.” சமையலறைப் பக்கம் திரும்பி, “அடுப்பை அணைச்சுட்டு வாம்மா, நீயும் வந்து கேளு,” என்றார்.

அம்மாள் வந்து கதவருகே நின்றார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி, தெளிவாக, ஒரு எழுத்தும் விழுங்காமல் படித்தேன். பேரியக்கத்தின் முழுப் பெயரைப் படித்தேன். விதியைப் படித்தேன். தேதிகள் ஏழையும் வரிசையாகப் படித்தேன். ஒவ்வொரு தேதிக்கும் சம்பந்தி, இன்னும் நல்ல சேதிக்கு வரவில்லை போலும் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ‘மேற்படி நாட்களில் தாம் இருப்பதை உறுதிசெய்யாத காரணத்தால், முதலாம் எண் உறுப்பினர் இன்று முதல் இயக்கத்தில் இல்லை’ என்று படித்தேன்.

அடுத்த வரி பெயர். பதிவேட்டில், முதல் கூட்டம் முடிந்து நான் கொண்டுபோனபோது இதே கட்டிலில் படுத்தபடி அவர் கைப்பட எழுதிய விளையாட்டுப் பெயர். லாரி ஓட்டிய காலத்தில், எங்கே இருக்கிறாய் என்று முதலாளி போனில் கேட்கும்போதெல்லாம் சொல்லும் பதில் அதுதானாம். வேறு பெயர் தோன்றவில்லை என்று சொல்லி எழுதினார். இரண்டு சாட்சிகளும் காது கொடுத்து நின்றார்கள். நான் குரலை உயர்த்திப் படித்தேன்:

“பெயர்: மெதுவா வர்றேன்.”